எரிக்கக் கொடுத்த வீடு

மார்ச் 4, 2004

வரலாற்றுச் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஏன் போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் போகிறேன்.

மாவட்ட வரலாற்றுச் சங்கமாம்! பேரைக் கேட்டால் பெரிய படிப்பாளிகள் கூட்டம் போலிருக்கும். லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில், ஈரவாடைக்கு நடுவே, என் வயதுக் கிழடுகள் கொஞ்சம் பேர். எனக்கு எழுபது ஆகிறது, கிழடு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

ஜூலையில் விழா. மாவட்டம் அமைத்து நூற்றைம்பது வருஷம். தலைவி மார்லிஸ் பிரெடெசன் இன்றைக்கும் தன் கொள்ளுத்தாத்தா கதையைத்தான் ஓட்டினாள். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து இந்த மண்ணில் முதல் கூரை போட்டவர், பூங்காவில் நிற்கிற மரக்கட்டைக் குடிசைதான் அவர் வீடு, இத்யாதி. அந்தக் குடிசையை மார்லிஸின் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் பழைய தந்திக் கம்பங்களை அறுத்துக் கட்டினார்கள் என்று இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. வெயில் ஏறினால் சுவரிலிருந்து தார் வழியும். ஆனால் யாராவது வாயைத் திறப்பார்களா? நானும்தான் திறக்கவில்லை.

தட்டில் ஒரே ஒரு எலுமிச்சை கேக் துண்டு மிஞ்சியிருந்தது. ஒருத்தி அதில் பாதியை வெட்டி எடுத்தாள். அடுத்தவள் மீதியில் பாதி. கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒன்று கிடந்தது, அதையும் யாரும் தொடவில்லை. கடைசித் துண்டை எடுத்தவள் என்ற கெட்ட பேர் யாருக்கும் வேண்டாமே. இவர்கள் வரலாறு எழுதப் போகிறார்களாம்.

மார்ச் 14

அண்ணன் லோவெல் வீட்டில் மதியச் சாப்பாடு. அவனுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சாப்பிட்டு முடித்து, மழை, சோளம், டிராக்டர் எல்லாம் பேசி முடித்து, நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பண்ணையில் பூட்டிக் கிடக்கிற எங்கள் பழைய வீட்டைத் தீயணைப்புப் படைக்குக் கொடுக்கப் போகிறானாம். பயிற்சிக்கு. அவர்கள் எரிப்பார்கள், அணைப்பார்கள், கடைசியில் மொத்தமாக எரிய விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த இடத்தில் சோளம். இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளுக்கெல்லாம் இதுதான் கதி.

"கூரை ஒழுகுது. இன்சூரன்ஸ்காரன் வேற முணுமுணுக்கறான்" என்றான். அப்புறம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு வேணும்னா நீ வச்சுக்கயேன்" என்றான்.

"ஐயையே, எனக்கெதுக்கு" என்றேன்.

"அப்ப சரி" என்றான்.

மார்ச் 15

எனக்கு அந்த வீடு வேண்டும்.

எழுதிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நான் பிறந்த வீடு. அம்மா படுக்கையில் விழுந்த வருஷங்கள் அத்தனையும் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த வீடு. பகலில் தானியக் கிடங்கு அலுவலகம், மற்ற நேரமெல்லாம் அம்மா. அவள் போனதும் எங்கள் வழக்கப்படி எல்லாம் நடந்தது: மகனுக்கு நிலம், மகளுக்குப் பீங்கான் தட்டுகள். அந்தத் தட்டுகளோடு ஊருக்குள் வந்தேன். பழைய பால்பண்ணைக் கட்டடத்தைக் கூறுபோட்டுக் குடியிருப்பாக்கியிருக்கிறார்கள். என் படுக்கையறை வெண்ணெய் வைத்த குளிர் அறையாம். நம்பலாம், ஜூனிலும் கால் விறைக்கிறது. வாசலில் மார்லிஸ் ஒரு வரலாற்றுப் பலகை மாட்டியிருக்கிறாள். வெண்ணெய்க்கு வரலாறு உண்டு.

லோவெல் இன்னும் இரண்டு தடவை கேட்பான். கேட்டாக வேண்டும். எங்கள் நார்வேக்கார ஆட்களிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டாலும் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை, "சரி, போட்டது வீணாகாம இருக்கட்டும், பாதிக் கோப்பை" என்று வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் பிச்சைக்காரன், இல்லையென்றால் மாவட்டத்தின் தென்பக்கத்து ஜெர்மானியன்.

ஆகவே ஒன்று முடிந்தது. காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

அண்ணி டொலோரஸ் பன்றித்தொடை சுட்டிருந்தாள். தென்பக்கத்து ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், ஐம்பது வருஷமாக எங்களோடு இருக்கிறாள், இன்னும் சத்தமாகச் சிரிக்கிறாள்.

உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே லோவெல் கேட்டான், "அந்த வீடு விஷயம். யோசிச்சியா?"

இரண்டாவது தடவை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய தடவை. ஒரே வார்த்தையில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் டொலோரஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ பரிதாபம் மாதிரி. அது எனக்கு முள்ளாய்க் குத்தியது.

"அந்தக் குப்பைமேட்டை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எரிச்சுத் தொலை" என்றேன்.

லோவெல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 12

எரிச்சுத் தொலை! ஏன்டி அப்படிச் சொன்ன?

மே 8

எரிப்பதற்கு முன்னால் சங்கம் பார்வையிட வேண்டுமாம். அதுவும் ஒரு விதி. சாவி என்னிடம்தான் இருக்கிறது, அதனால் மார்லிஸை நான் கூட்டிப் போனேன்.

வெள்ளைத் தகரப் பலகை அடித்த வெளிச்சுவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே ஒவ்வொரு அறையாக மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள். மேற்கு அறையில் நான் சும்மா நின்றேன். அந்த அறை ஜன்னல் மேடை நல்ல ஆழம், காலை மடக்கி உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க வயலைப் பார்க்கலாம். அம்மாவின் கட்டிலை அதன் பக்கத்தில்தான் போட்டிருந்தேன். இவ்வளவு தடிமனான சுவர் வீட்டில் வேறெங்கும் இல்லை. ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, மார்லிஸும் யோசிக்கவில்லை.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் மார்லிஸ்.

எங்கள் ஊரில் இதைவிட மோசமாக ஒன்றைத் திட்ட முடியாது.

"இந்த மாதிரி வீடு தடுக்கி விழுந்தா ஒண்ணு இருக்கு, ஆர்டிஸ். இதுல வரலாற்றுக்கு ஒண்ணுமில்ல" என்று காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அப்புறம் கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, மேற்கு அறைக் கதவின் வெள்ளைப் பீங்கான் குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சங்கத்தின் சேகரிப்புக்காம். திருப்புளியோடு வந்திருக்கிறாள்! பிணத்தின் விரலில் மோதிரம் உருவுகிறவள் கூட இறுதி ஜெபம் முடியும்வரை பொறுப்பாள்.

"பாத்துப் போ, படி வழுக்கும்" என்றேன். அதுதான் சொன்னேன்.

ஜூன் 20

தீயணைப்புப் படைத் தலைவன் டுவெய்ன் வந்து அளந்துவிட்டுப் போனானாம். அறுவடை முடிந்து, காற்றில்லாத ஒரு சனிக்கிழமை எரிப்பார்களாம். லோவெல் இன்னும் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

ஜூலை 3

விழா. அணிவகுப்பில் ஊரில் உள்ள டிராக்டர் எல்லாம் போயிற்று. நேற்றும் அதே டிராக்டர்கள் அதே தெருவில்தான் போயின, அப்போது யாரும் கைதட்டவில்லை.

பிறகு நாடகம். மார்லிஸின் மருமகன் ஒட்டுத்தாடியோடு மாட்டு வண்டியிலிருந்து குதித்து, கையை அகல விரித்து, "மனித வாடையே படாத நிலம்!" என்று கத்தினான். எனக்குப் பக்கத்தில் லோவெல் உட்கார்ந்திருந்தான். உழும்போது மண்ணிலிருந்து எடுத்த கல் அம்பு முனைகள் அவன் வீட்டு அலமாரியில் ஒரு சுருட்டுப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்த பூர்வகுடிகளை இங்கிருந்து துரத்திவிட்டுத்தான் நம் ஆட்களுக்கு நிலம் அளந்து கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் தலையைக் குனிந்து தொப்பிக்குள் சிரித்தான். எங்கள் குடும்பத்தில் அதுதான் அதிகபட்ச விமர்சனம்.

மார்லிஸ் வெள்ளை உடுப்பில் குடிசைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டாள். நல்ல வெயில். திரும்பியபோது முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை தார். யாரும் அவளிடம் சொல்லவில்லை, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 15

டொலோரஸ் தக்காளி கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "உனக்கு அந்த வீடு வேணும், அப்படித்தானே?" என்றாள்.

"யார் சொன்னா?"

"உன் மூஞ்சி சொல்லுது. வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லித் தொலையேன். ரெண்டு பேரும் ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருங்க, டுவெய்ன் வந்து தீக்குச்சி கிழிக்கட்டும்."

"அவன் கேக்கட்டும்."

"கேட்டானே. ரெண்டு தடவை கேட்டான்."

"மூணாவது தடவை?"

கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "கடவுளே, உங்க குடும்பத்துல எப்படித்தான் கல்யாணம் ஆகி பிள்ள பொறந்துச்சோ. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

ஐம்பது வருஷமாக எங்களோடு இருக்கிறாள். ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு போகிறாள்!

ஆகஸ்ட் 22

நானே போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். லோவெல் கொட்டகையில் இருந்தான். மழை பற்றிப் பேசினோம். பக்கத்து மாவட்டத்து மழை பற்றிப் பேசினோம். சோயா இலையில் பூச்சி. காருக்கு வந்து கதவைப் பிடித்தபடி இன்னும் அரைமணி. எஞ்சினை ஓட்டவிட்டபடி இன்னும் கொஞ்சம். அவன் கார்க் கூரையைத் தட்டினான், "அப்ப சரி" என்றான்.

"அப்ப சரி" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ஊரையெல்லாம் வாய் கிழியப் பேசுகிற ஆர்டிஸ் குவாமி! தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது மட்டும் வாயில் கொழுக்கட்டை.

செப்டம்பர் 30

அக்டோபர் 16 என்று முடிவு செய்துவிட்டார்கள். கடைக் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கிறது. நாற்காலி கொண்டுவரவும் என்று போட்டிருக்கிறது.

அக்டோபர் 16

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

போவதில்லை என்றுதான் இருந்தேன். போனேன். அறுத்த சோளத் தட்டைகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகள், போர்வைகள், சாஸேஜ் வாட்டுகிற புகை. பாதி ஊர் வந்திருந்தது. அடுத்தவன் வீடு எரிவதைப் பார்க்க இவ்வளவு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பாதி இருக்கை காலி. எல்லாவற்றுக்கும் சிகரமாக, வரலாற்றுச் சங்கம் மேஜை போட்டுக் காப்பி விற்றது! மார்லிஸ் அங்கி மாட்டிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒட்டிய அட்டையில் "நம் பழமையைக் காப்போம்." பின்னணியில் என் வீடு.

டொலோரஸ் என் பக்கத்தில் நாற்காலி போட்டாள். அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் கூரையில் ஓட்டை வெட்டினார்கள். பின்கட்டுச் சமையலறையில் வைக்கோல் கொளுத்தி அணைத்தார்கள். திரும்பக் கொளுத்தி அணைத்தார்கள். அப்புறம் மேற்கு அறை. அந்த ஜன்னலிலிருந்து புகை வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் அடிக்கிற சத்தம், உள்ளே ஏதோ பெரிதாகச் சரிந்து விழுகிற சத்தம்.

"பயிற்சி முடிஞ்சது. அடுத்தது மொத்தமா விட்டுடப் போறோம், எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்க" என்று டுவெய்ன் கத்தினான். கூட்டம் குதூகலமாக நாற்காலியை நகர்த்தியது. இதற்காகத்தானே வந்தார்கள். அவன் கடைசியாக ஒரு தடவை உள்ளே போனான். வெளியே வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு லோவெலைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

வெகுநேரம் வரவில்லை. சாஸேஜ் கருகிற்று.

லோவெல் வெளியே வந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் நடந்து வந்தான், அத்தனை பேரும் பார்க்க. அவன் முகத்தில் கரி.

"பூச்சு மொத்தமும் விழுந்துடுச்சு, ஆர்டிஸ். மேற்கு ரூமு சுவரு பூரா முழு மரம். கோடாலியால செதுக்கின ஓக். நாலு பக்கமும். உள்ள ஒரு பழைய மரக்கட்டைக் குடிசை, நம்ம வீடு அதைச் சுத்தித்தான் கட்டியிருக்கு."

அவன் தரையைப் பார்த்தான். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"உனக்கு வேணுமா?"

மூன்றாவது தடவை.

சுற்றிலும் பார்த்தேன். ஊரே காத்திருக்கிறது. டுவெய்னின் ஆட்கள் வைக்கோல் அடுக்கி முடித்து நிற்கிறார்கள். இத்தனை பேர் சனிக்கிழமையை ஒரு கிழவிக்காகக் கெடுப்பதா? "ஐயோ, எனக்காக நீங்க யாரும்..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தே விட்டது. சத்தியமாக. வாய்க்கு அதுதான் பழக்கம்.

நிறுத்தினேன்.

"வேணும்" என்றேன்.

"என்ன?"

"வேணும்னு சொன்னேன், லோவெல். ஓட்டையோட, கரியோட, அப்படியே வேணும். மார்ச்சுலயே வேணும். அம்மா செத்த அன்னிக்கே வேணும்!"

கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. சாஸேஜ் வாட்டுகிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். பிறகு அழுதேன், அத்தனை பேர் முன்னாலும், மூக்கு ஒழுக. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப சரி" என்று லோவெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு டுவெய்னிடம் போனான். டொலோரஸ் தென்பக்கத்துச் சிரிப்பு ஒன்று சிரித்தாள், அடுத்த மாவட்டத்துக்கே கேட்டிருக்கும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை மடக்கியது. "வித்தியாசமா இருக்கு" என்று யாரோ சொல்வது என் காதில் விழுந்தது.

அக்டோபர் 17

மார்லிஸ் விடிந்ததும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு நின்றாளாம். வரலாற்றுக்கு ஒன்றுமில்லாத வீட்டை!

அக்டோபர் 24

லோவெல் கூரை ஓட்டைக்குத் தகரம் அடித்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மூணாவது தடவை கேக்கல?" என்று கீழேயிருந்து கேட்டேன். அவன் முகம் தெரியாதபோது கேட்பது சுலபம்.

நாலைந்து ஆணி அடித்த பிறகு பதில் வந்தது. "எரிச்சுத் தொலைன்னு சொன்னியே. அப்புறம் எப்படிக் கேக்கறது?" இன்னும் ஒரு ஆணி. "நானும் அங்கதான பொறந்தேன்."

இத்தனை மாதம் அவனை மரக்கட்டை என்று திட்டித் தீர்த்தேன். ஈஸ்டர் அன்றைக்கு முள்கரண்டியைக் கீழே வைத்தானே, அதை நான் எழுதிக்கூட வைத்திருக்கிறேன். எழுதியும் புரியவில்லை.

நவம்பர் 6

மார்லிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தாள். வாசலில் நிற்கும்போதே அவள் முகத்தில் திட்டம் தெரிந்தது: இந்த மரச்சுவர்களைப் பெயர்த்துப் பூங்காவுக்குக் கொண்டுபோவது, தந்திக் கம்பங்களைச் சத்தமில்லாமல் விறகாக்குவது. வந்தவர் மூலையில் கட்டைகள் கோத்திருக்கும் விதத்தை விளக்கடித்துப் பார்த்தார். வீடு மிகப் பழையது, நம் ஆட்கள் வந்ததற்கு முந்தியதாகக்கூட இருக்கலாம், ஆனால் நார்வேக்காரர்கள் இப்படி மூலை கோக்கமாட்டார்கள் என்றார். யார் கட்டியது? தெரியாது என்றார். எங்கள் கொள்ளுத்தாத்தா முன்பே இருந்த வீட்டை வாங்கிச் சுற்றிலும் பலகை அடித்து, தான் கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிரெடெசனும் முதல் இல்லை, குவாமியும் முதல் இல்லை. சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மார்லிஸ் பூங்கா பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நவம்பர் 21

விறகடுப்பு வைத்தாகிவிட்டது. இன்னும் படுக்கை கொண்டுவரவில்லை, பகலில் மட்டும் வருகிறேன். சுவரைத் தேய்த்துக் கரியைப் போக்கினால் கோடாலி வெட்டு ஒவ்வொன்றும் தெரிகிறது. வீடு புகை நாறுகிறது. என் தலைமுடியும்தான். வெண்ணெய் அறையைவிட மேல்.

மதியம் மார்லிஸ் தனியாக வந்தாள். எதற்கு வந்தாள் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. குளிர் பற்றிப் பேசினாள். கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய எதையோ ஜன்னல் மேடையில் வைத்தாள். நான் பிரிக்கவில்லை. உருண்டையாக, வெள்ளையாக ஓர் ஓரம் தெரிந்தது. குமிழ் இல்லாத கதவை இரண்டு பேரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டோம்.

"காப்பி?" என்றேன்.

"ஐயையே, வேண்டாம். இப்பதான் குடிச்சேன்."

கொஞ்சம் கழித்து, "போட்டதுதான் இருக்கு" என்றேன்.

"வேண்டாம் ஆர்டிஸ், உனக்கெதுக்குச் சிரமம்."

நான் எழுந்து அடுப்பில் ஒரு கட்டை போட்டேன். மேஜையைத் துடைத்தேன். எனக்கு ஒரு கோப்பை ஊற்றி நிதானமாகப் பாதி குடித்தேன். மார்லிஸ் கையுறையை மாட்டினாள், கழற்றினாள். அவள் கண் கெண்டியை விட்டு நகரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவ்வளவு கூட எனக்கு உரிமை இல்லையா?

பிறகு அம்மாவின் பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, மூன்றாவது தடவையும் கேட்டேன்.